சிவப்புச் சீட்டு ஒட்டிய பதினொரு மீட்டர்கள்

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து நான் உண்மையை மட்டுமே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன். அழகுக்காக ஒரு சொல்லைச் சேர்க்கமாட்டேன், பயத்துக்காக ஒரு சொல்லை விடவும் மாட்டேன்.

காரணம் எங்கள் மொழி ஆசிரியை. "உலகத்துலயே அதிகமாப் பொய் எழுதற இடம் எது தெரியுமா? கடுதாசியோட முதல் வரி. தலைவலியோட உக்காந்து எல்லாரும் நலம்னு எழுதறோம்" என்றார். வகுப்பே சிரித்தது. நான் மட்டும் உங்களுக்கு இதுவரை எழுதிய முதல் வரிகளை எல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன்.

ஆகவே உண்மை நிலவரம்: அப்பாவுக்குத் தையல் மிஷினை மிதித்து மிதித்து வலது முழங்கால் வலிக்கிறது. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச்சு குறையவில்லை. எனக்குக் கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது. "இன்னும் ரெண்டு புத்தகம் படி, பூதக்கண்ணாடியையே மாட்டிவிடறேன்" என்கிறார் அப்பா.

நீங்களும் இனி உண்மையே எழுத வேண்டும். உங்கள் வேலை என்ன என்று தோழிகள் கேட்டால் "ஆராய்ச்சிக்கூடம்" என்று சொல்லிவிட்டு விழிக்கிறேன். ஏழு வருடமாக அங்கே என்னதான் செய்கிறீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

உங்கள் தலைமுதல் கால்வரை உள்ள நிலவரத்தையும் மறைக்காமல் எழுதவும்.

உங்கள்
பூச்சி


ஏப்ரல் 14

என் புத்தகப் பூச்சிக்கு,

உண்மை நிலவரம்: இடது குதிகாலில் பித்தவெடிப்பு. மற்றபடி குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அண்ணனின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அண்ணியின் தொண்டைக்கு மருந்தே வேண்டாம் என்று நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

வேலையைக் கேட்டாய். மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் கதிர்வீச்சை அளக்கும் மீட்டர்கள் உண்டு. அவை வருடத்துக்கு ஒருமுறை எங்களிடம் வரும். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, சுடாது, மணக்காது. மீட்டர் சொன்னால்தான் உண்டு. அந்த மீட்டர் சரியாகச் சொல்கிறதா என்று சொல்வது நாங்கள். ஆசிரியருக்கே பரீட்சை வைக்கும் வேலை என்று வைத்துக்கொள்.

அதற்காக எங்களிடம் சோதனை மாதிரிகள் இருக்கின்றன. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும் எஃகு வில்லைகள். உள்ளே கதிர்வீசும் பொருளை வைத்து மூடியிருப்பார்கள். நாங்கள் அவற்றைப் பொத்தான் என்றே சொல்வோம். பச்சை வளையம் பூசியது சாதுப் பொத்தான்; அதற்குத் தட்டிலே இடம், ஓரிரு நொடி விரலால் எடுத்து வைத்தால் தப்பில்லை. சிவப்பு வளையம் பூசியது முரடன். ஈயச் சிமிழுக்குள் இருப்பான். முழ நீள இடுக்கியால் மட்டும் எடுக்க வேண்டும். அவன் வெளியே இருக்கும்வரை சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

இடுக்கி எனக்குச் சரிப்படாது என்பதால் பச்சைப் பொத்தானை விரலால்தான் எடுப்பேன். உன் அப்பா கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்த விரல் இல்லையா! நெட்டை ஒரு மீட்டரை முடிப்பதற்குள் நான் இரண்டை முடித்துவிடுவேன். நெட்டை என்பது என்னோடு வேலை செய்பவள். வாசல் நிலை அவளுக்குப் பயந்து குனியும். மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார், மணிக்கட்டைப் பார்ப்பார். துப்புரவு செய்பவர் வாளிக்காரர். தன் வாளியை யாருக்கும் இரவல் தரமாட்டார்.

இன்னொரு பெருமை. சனிக்கிழமைதோறும் இரண்டு பொத்தான்களையும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக் கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்கிறேன். அழுக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. "வளையமெல்லாம் மங்குதே" என்று நெட்டை முணுமுணுக்கிறாள். மங்கினால் என்ன? இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் யார், இளையவன் யார் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீ வெளிச்சத்தில் உட்கார்ந்து படி.

அத்தை


ஏப்ரல் 25

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் பரவாயில்லை. தொண்டை முழுவதும் சரியாகிவிட்டது என்பதைப் பக்கத்து வீட்டாரும் உறுதி செய்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அம்மா கேட்டார், "கண்ணுக்கே தெரியாததை இவ எப்படிப் புடிச்சு அளக்கறா?" அப்பா, "நீ மனசுல நினைக்கறத நான் அளக்கலையா, அந்த மாதிரிதான்" என்றார். பிறகு அப்பாவுக்கு அரைமணி நேரம் தேநீர் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி, அப்பாவின் பழைய ஊசி டப்பாவில் வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்து ஒவ்வொன்றும் தையல்போல ஒரே அளவில் இருக்கிறது. எங்கள் ஆசிரியையிடம் காட்டினேன், "அச்சா?" என்று கேட்டார்.

குதிகால் வெடிப்புக்கு என்ன போடுகிறீர்கள்?

பூச்சி


மே 13

பூச்சிக்கு,

குதிகால் ஆறிவிட்டது. விரல்நுனிகளில் மட்டும் இரண்டு நாளாகச் சின்ன நமைச்சல். ஸ்பிரிட் பட்டுக் காய்ந்திருக்கும். வீட்டில் மூவரும் சுகம்தானே?

இந்த வாரம் எங்கள் கூடத்தில் நடந்த கூத்தைக் கேள். திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையிலிருந்து பதினொரு மீட்டர்கள் வந்தன. பச்சைப் பொத்தானை முதல் மீட்டரின் முன் வைத்தால் முள் பாதியில் நிற்க வேண்டும். அதுவோ கடைசிவரை ஓடிப் போய் முட்டிக்கொண்டு நின்றது! சரி, இது பழுது என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. பதினொன்றும் அப்படியே! வண்டியில் குலுங்கி எல்லாவற்றுக்கும் புத்தி பிசகிவிட்டது போலிருக்கிறது.

நான் எதையும் ஒரே தடவையில் குற்றவாளி என்று சொல்லிவிடுபவள் இல்லை. ஒவ்வொன்றையும் பத்துப் பத்துத் தடவை சோதித்தேன். பொத்தான் கொஞ்சம் விலகியிருக்குமோ என்று விரலாலேயே நடுவில் பிடித்துக்கொண்டும் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். கடைசியில் பதினொன்றிலும் 'பழுது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டேன்.

போதாதற்குச் சுவர் விளக்குக்கும் கிறுக்கு. திங்கள் காலை நான் வந்தபோதே எரிந்துகொண்டிருந்தது, அணையவே இல்லை. கடிகாரம் வந்தார், மணிக்கட்டைப் பார்த்தார், "எலக்ட்ரீஷியன் வர்றவரைக்கும் கண்ணு கூச வேண்டாம்" என்று சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டார்.

வரும் வாரம் சோதனை இல்லை, பேரேட்டு வேலைதான். இருபத்திரண்டாம் தேதி ஒரு தொழிற்சாலையின் மீட்டர்கள் வருகின்றன. அவையாவது புத்தியோடு வரட்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அத்தை


மே 18

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் உண்மையாகவே சுகம். உங்கள் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார் அம்மா.

மீட்டர்களின் கூத்தைச் சத்தமாகப் படித்தேன். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டார்.

இந்தப் பக்கத்தை இரண்டாவது முறையாக எழுதுகிறேன். முதலில் எழுதியதில் ஒரு வரி அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறது என்று அப்பா சொன்னார். அதை விட்டுவிட்டேன்.

பள்ளியில் அறிவியல் தேர்வில் முதல் மதிப்பெண். தையலில் கடைசி மதிப்பெண். தையல்காரர் மகளுக்கு இது தேவையா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

பதில் எழுதுங்கள்.

பூச்சி


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். நீங்கள்?

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வாசலுக்கு வரும் முன்பே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அப்பா நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டிவிட்டார். முப்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லையாம்.

ஒரு வரி போதும்.

பூச்சி


ஜூலை 3

பூச்சிக்கு

அண்ணன் அண்ணி நீ சுகமா. வேலை அதிகம். இடது கையால் எழுதிப் பழகுகிறேன். விளையாட்டுக்கு. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இப்போதைக்கு இங்கே யாரும் வர வேண்டாம். அறையில் வெள்ளையடிக்கிறார்கள்.

அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சிரிக்கவில்லை.

நான் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். ஒன்று, உங்கள் எழுத்துகள் வரியை விட்டு விழுகின்றன. விளையாட்டுக்கு எழுதுபவர் இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்திவிடுவார். நீங்கள் உறையின் மேல் முகவரியையும் இடது கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். 'ங்' மேலே புள்ளி வைத்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. அடுத்தது, எங்கள் மூவரின் சுகத்தையும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சுகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெள்ளையடிப்பதையும் நான் நம்பவில்லை. சென்ற வருடம்தான் அடித்தார்கள். எந்த மூலையில் திட்டுத்திட்டாக விட்டார்கள் என்பதுவரை எழுதியிருந்தீர்கள்.

அப்பா உறையைக் கையில் வாங்கினார். பிரிக்கவில்லை. முகவரியை மட்டும் பார்த்துவிட்டு, "வலது கைக்கு என்னாச்சாம்?" என்று கேட்டார். பிறகு மிஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

என்ன நடந்தது, அத்தை?

பூச்சி


ஜூலை 21

அன்புத் தங்கச்சிக்கு,

நான்தான் நெட்டை. உன் அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நீங்கள் நலமாக இருந்தால்தான் இதைத் தாங்க முடியும். அப்பா அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுப் படி.

உன் மே மாதக் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. உன் அத்தை வழக்கம்போல எனக்கும் படித்துக் காட்டினாள். அப்படி என்ன அதிகப்பிரசங்கித்தனம் எழுதியிருப்பாய் என்று பேசிச் சிரித்தோம். திங்களன்று தொழிற்சாலையின் மீட்டர்கள் வந்தன. அவற்றிலும் முள் கடைசிக்கு ஓடியது. இந்தத் தடவை நானும் உட்கார்ந்து சோதித்தேன்.

வெள்ளிக்கிழமை, இருபத்தாறாம் தேதி, அந்த மருத்துவமனையின் பொறியாளர் வந்தார். கோபமாக வந்தார். சீட்டு ஒட்டிய மீட்டர் ஒன்றை ஆள் அனுப்பி வாங்கிப்போய் வேறோர் இடத்தில் சோதித்திருக்கிறார்கள். ஒரு பழுதும் இல்லையாம். அதை நிரூபிக்க மீட்டரை ஓடவிட்டபடியே நடைபாதையில் நடந்து வந்தார். நடைபாதையில் அது சும்மா இருந்தது. எங்கள் வாசலில் டிக் டிக் என்றது. மேசையை நெருங்க நெருங்கத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல்.

அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார், "கையில இருக்கறதக் கீழ வைங்கம்மா. ஓடாதீங்க. எல்லாரும் நடந்து வெளிய போங்க."

உன் அத்தை விரலிடுக்கில் பொத்தானைப் பிடித்தபடியே அவரைப் பார்த்துச் சொன்னாள், "சார், உங்க மீட்டர் பழுதுங்க."

தட்டில் இருந்தது பச்சைப் பொத்தான் இல்லை, தங்கச்சி. ஈயச் சிமிழுக்குள் இருக்க வேண்டிய முரடன். இரண்டிலும் வளையம் இல்லை. சாது சிமிழுக்குள் பத்திரமாக இருந்தது. முரடன் மூன்று வாரமாகத் தட்டில் இருந்தான்.

அப்போதே அவள் விரல்நுனிகள் சிவந்திருந்தன. பிறகு கொப்பளம் கிளம்பியது. மருத்துவர் முதலில் "அடுப்புல சுட்டுக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். நெருப்பையே தொடாத கை, பார், எரிந்துகொண்டே போகிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்துவிட்டன. எனக்குக் கட்டைவிரலில் மட்டும் புண், ஆறலாம் என்கிறார்கள். நான் நான்கு நாள்தானே தொட்டேன்.

இன்னொன்று. வாளிக்காரர் மேசையைத் துடைத்தபோது பொத்தான்களை இடம் மாற்றிவிட்டார் என்று கடிகாரம் அறிக்கை எழுதிவிட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். மனுஷன் தினமும் காலையில் வந்து வெளிவாசலில் வாளியோடு நிற்கிறார். "நான் மேசையத் தொடவே இல்லீங்க" என்று போகிற வருகிற எல்லோரிடமும் சொல்கிறார். இதை உன் அத்தையிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பும் முக்கியம்.

நெட்டை


ஜூலை 28

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். தெரியும். நெட்டை அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். "உங்க மீட்டர் பழுதுங்க" என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடியும் படித்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் வரச் சொன்னால் உடனே கிளம்பிவிடுவார்.

இத்துடன் ஒரு தாளை வைத்திருக்கிறேன். மே பதினெட்டாம் தேதி நான் முதலில் எழுதிய பக்கம். அறிவியல் புத்தகத்துக்குள் இருந்தது. நான் விட்டுவிட்ட வரி இதுதான்: "பதினொரு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பொய்யைச் சொல்வார்களா, அத்தை? ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் உண்மையோ? பொத்தானை ஒருமுறை சோதித்துப் பாருங்களேன்."

அப்பா படித்துவிட்டு, "அவ அங்க ஏழு வருஷமா வேலை பாக்கறா. நீ ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கே பாடம் எடுக்கறியா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. கேள்வி என்னுடையது. திட்டு வாங்கப் பயந்து அதை விட்டுவிட்டுத் தையல் மதிப்பெண்ணைப் பற்றி எழுதினேன். பயத்துக்காக ஒரு சொல்லையும் விடமாட்டேன் என்று அறிவித்த ஒன்றரை மாதத்தில் இதைச் செய்தேன். அந்த வரி இருந்திருந்தால் சனிக்கிழமை நீங்கள் இருவரும் படித்திருப்பீர்கள். நெட்டை அக்கா திங்கட்கிழமைதான் பொத்தானைத் தொட்டார்கள். மூன்று நாளாக இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறேன், விடை மாறவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். ஊசி டப்பாவில் உங்கள் ஏப்ரல் பதினான்காம் தேதிக் கடிதம் இருக்கிறது. வளையம் எப்படி மங்கியது என்று அதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. ஆனால் வெளிவாசலில் வாளியோடு நிற்பவரை நான் பார்த்ததே இல்லை, இருந்தும் கண்ணை மூடினால் தெரிகிறார். நான் என்ன செய்யட்டும், அத்தை?

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

பூச்சி


ஆகஸ்ட் 19

பூச்சிக்கு

நலம் இல்லை. உண்மையை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன், இடது கை மெதுவாகத்தான் போகிறது.

மே ஆறாம் தேதி, சனிக்கிழமை. சாதுவை விரலாலும் முரடனை இடுக்கியாலும் எடுத்து ஸ்பிரிட்டில் துடைத்தேன். மிச்சமிருந்த சிவப்பும் பச்சையும் பஞ்சோடு வந்துவிட்டன. இரண்டையும் துணியில் காயவைத்தேன். கடிகாரம் கூப்பிட்டார். போய்விட்டு வந்தேன். இரண்டும் ஒன்றுபோல் மின்னின. எனக்குத் தெரியாதா என்று எடுத்து வைத்தேன். தெரியவில்லை. பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்தத் துணியை வாளிக்காரர் தொடவில்லை. அவர் அன்று விடுப்பு.

கடிகாரம் மருத்துவமனைக்கு வந்தார். "நீங்க வாயத் திறக்கலைன்னா வைத்தியத்த நிறுவனம் பாத்துக்கும். திறந்தீங்கன்னா அது உங்க கவனக்குறைவு" என்றார். நான் தலையாட்டினேன். கை எரிந்துகொண்டிருந்தது, பூச்சி. தலை தானாக ஆடியது. இரண்டு மாதம் ஆடிய தலை.

ஆடத் தெரியாதவள் நான். கூடம் நேராகத்தான் இருந்தது.

உன் தாளைப் படித்தேன். அந்த வரியை நீ அனுப்பியிருந்தாலும் நான் சிரித்திருப்பேன். நெட்டையும்கூடச் சிரித்திருப்பாள். ஒருவேளை சிரித்துவிட்டுச் சோதித்தும் பார்த்திருப்பேன். எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். நீதான் தடை போட்டுவிட்டாயே.

செப்டம்பர் ஐந்தாம் தேதி விசாரணை. அதே நாளில்தான் எனக்கு அறுவை. இரண்டு விரல். நாளை மாற்ற முடியாது, கறுப்பு மேலே ஏறுகிறது என்கிறார்கள். நான் வாக்குமூலம் எழுதி அனுப்பினால், வலியில் பிதற்றுகிறாள் என்பார்கள். ஏப்ரல் கடிதம் வலி வருவதற்கு முன் எழுதியது. என் நல்ல கையால் எழுதியது. அதையும் மே பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தையும் எடுத்து வா. யாருக்கு எழுதியதோ அவளே படிக்கட்டும்.

அண்ணனை என்னிடம் வரச் சொல். அண்ணியை உன்னோடு அழைத்துப் போ. கடிகாரத்துக்கு அண்ணிதான் சரி.

மூவரும் நலமாக வந்து சேருங்கள்.

அத்தை


செப்டம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

புண்ணில் தொற்று வரக்கூடாது என்று ஐந்து நாளைக்கு உங்களைப் பார்க்க விடமாட்டார்களாம். அதனால் நெட்டை அக்காவின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைச் செவிலியர் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். மற்ற மூன்று விரல்களும் நல்ல நிறத்தோடு இருக்கின்றன என்று மருத்துவர் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா நேற்று முழுவதும் உங்கள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். இன்று காலை எழுந்ததும் உங்கள் சட்டைகளை எல்லாம் எடுத்துப் பொத்தான்களைப் பிரித்தார். அவை இருந்த இடத்தில் இடது கையால் இழுத்து முடியும்படி நாடா வைத்துத் தைக்கிறார். இப்போதும் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி நேற்று நடந்ததை நடந்தபடி.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் வயதான அம்மையார் ஒருவர். வாளிக்காரர் கதவோரம் நின்றார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. வாளி வெளியே இருந்தது. கடிகாரம் என்னைப் பார்த்து, "இது குழந்தை, இதை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். அம்மா, "உங்க விளக்கு சொன்னதயும் கேக்கல, மீட்டர் சொன்னதயும் கேக்கல. குழந்தை சொல்றதயாவது கேளுங்க" என்றார். அம்மையார் என்னிடம் கையை நீட்டி, 'படி' என்று சைகை காட்டினார்.

இரண்டு கடிதங்களையும் படித்தேன். முதலில் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஏப்ரல் கடிதம் எனக்கு மனப்பாடம். "பெற்றவளுக்குத் தெரியாதா" என்ற இடத்தில் நெட்டை அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்கள். மே மாதக் கடிதத்தில் விளக்கு அணைத்த இடம் வந்தபோது அம்மையார் "அதை இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். கடிகாரம் தன் மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை.

பிறகு அம்மையாரின் கேள்விகள். "மாசாமாசம் ஸ்பிரிட் வாங்கக் கையெழுத்துப் போட்டது யாரு?" கடிகாரம். "எதுக்குன்னு கேட்டீங்களா?" இல்லை. "ஆளக் கொல்ற பொருளுக்கு அடையாளம், அழியற பெயின்ட். அதைச் செதுக்கி வைக்கணும்னு ஏழு வருஷத்துல ஒருத்தருக்கும் தோணலையா?" உங்கள் தவறு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, அத்தை. "இது அந்தப் பெண்ணோட தப்பு, அவங்களோட மட்டும் தப்பு இல்ல" என்று அம்மையார் எழுதச் சொன்னார். அந்தச் சொற்களை நான் என் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அம்மையார் வாளிக்காரரைப் பார்த்து, "நீங்க நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார். அவர் கதவோரத்திலிருந்து நகர்ந்தார். பிறகு என்னிடம் வந்து, "கடுதாசில அவங்க என் பேர எழுதியிருக்காங்களா பாப்பா?" என்று கேட்டார். வாளிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள், வாளியை யாருக்கும் இரவல் தரமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள் என்றேன். அவர் சிரிக்கத்தான் பார்த்தார். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அந்தப் பொண்ணுக்கு விரல் போச்சாமே" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக உங்கள் சோதனை அறைக்குப் போனோம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கவைத்தார்கள். உள்ளே அந்த மருத்துவமனைப் பொறியாளர் மட்டும் போனார். அலமாரியில் நீங்கள் ஒட்டிய சிவப்புச் சீட்டுகளோடு பதினொரு மீட்டர்களும் வரிசையாக இருந்தன. 'பழுது' என்ற சொல் பதினொன்றிலும் ஒரே அளவில், தையல்போல. எல்லாவற்றையும் ஓடவிட்டார். நீள இடுக்கியால் முரடனைச் சிமிழிலிருந்து எடுத்தார். பதினொரு முள்ளும் ஒரே நேரத்தில் கடைசிக்கு ஓடின. சுவர் விளக்கின் சுவிட்சைப் போட்டார். உடனே சிவப்பாக எரிந்தது. பழுது பார்க்க எலக்ட்ரீஷியன் யாரும் வரவே இல்லையாம். வரத் தேவையும் இருந்திருக்கவில்லை.

இவ்வளவு சின்னதா, அத்தை? கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவே இல்லை. இடுக்கியின் முனையில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான்.

அவர் அதைச் சிமிழுக்குள் வைத்து மூடினார். பதினொரு முள்ளும் இறங்கின. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. சிவப்பு விளக்கு தானாகவே அணைந்தது. பிறகு அவர் வெளியே வந்தார்; அதிகாரிகள் கதவைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அறையின் மற்ற விளக்குகளையும் வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

பூச்சி